இருளும் எண்ணிக்கையும்: மிஷனரிகள் பார்த்த கானா

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவில் 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அதன்படி மக்களில் 71.3 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள்; 19.9 விழுக்காட்டினர் இஸ்லாமியர்கள். மூதாதையரின் மரபுச் சமயமே தம் சமயம் என்று பதிந்தவர்கள் வெறும் 3.2 விழுக்காடு. விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், 1960இல், கிறிஸ்தவர்களும் மரபுச் சமயத்தாரும் அங்கே ஏறத்தாழச் சமமாக, பத்துக்கு நான்கு பேர் வீதம் இருந்தார்கள். இரண்டு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது.

இந்த மாற்றத்தை மிஷன் வரலாறுகள் பெரும்பாலும் ஒளியின் வெற்றி என்று எழுதின. காலனியத்தை விமர்சித்தவர்கள் பண்பாட்டுப் பறிப்பு என்று எழுதினார்கள். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: செய்தது முழுவதும் ஐரோப்பியர், கானா மக்கள் வெறுமனே ஏற்றுக்கொண்டவர்கள் என்று இரண்டுமே கருதுகின்றன. மிஷனரிகள் விட்டுச்சென்ற கடிதங்களையும் அகராதிகளையும் நாட்குறிப்புகளையும் பொறுமையாகப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. மிஷனரியின் பார்வை ஒருபோதும் ஒரே பார்வையாக இருந்ததில்லை. இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப, யாருக்காக எழுதினார் என்பதற்கு ஏற்ப அது மாறியது. அதை மாற்றியவர்களில் முதன்மையானவர்கள் அந்த மண்ணின் மக்கள். இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

கோட்டைக்குள் தொடங்கிய சமயம்

அன்று கோல்டு கோஸ்ட் என்று அழைக்கப்பட்ட அந்தக் கடற்கரைக்குப் போர்ச்சுக்கீசியர் 15ஆம் நூற்றாண்டிலேயே வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் ஆகியோரும் கோட்டைகளைப் பிடித்தும் கட்டியும் நிலைகொண்டனர். பொன்னுக்காகத் தொடங்கிய வணிகம் மனித வணிகமானது. கிறிஸ்தவம் முதலில் அந்தக் கோட்டைச் சுவர்களுக்குள்தான் இருந்தது.

கேப் கோஸ்ட் கோட்டைக்கு 1752இல் வந்த தாமஸ் தாம்சன் அங்கே பணியாற்றிய முதல் ஆங்கிலிக்கன் மிஷனரி. அவர் இங்கிலாந்து திரும்பிய பின் 1772இல் வெளியிட்ட சிறுநூல், ஆப்பிரிக்க அடிமை வணிகம் மனிதநேயத்துக்கும் வேதத்துக்கும் முரணானதல்ல என்று வாதிட்டது. அவருக்கு முன்பே அந்த மண்ணிலிருந்து சிறுவனாகக் கொண்டுசெல்லப்பட்டு ஹாலந்தில் படித்த யாக்கோபஸ் கபிடெய்ன், 1742இல் லைடன் பல்கலைக்கழகத்தில் அடிமைமுறை கிறிஸ்தவ சுதந்திரத்துக்கு எதிரானதல்ல என்று ஆய்வுரை நிகழ்த்தினார். அவரும் எல்மினா கோட்டையில் குருவாகப் பணியாற்றி 1747இல் இளம் வயதிலேயே இறந்தார்.

இந்தக் காலத்தின் துயரம் முழுவதும் பிலிப் குவாக் என்ற ஒருவரின் வாழ்வில் தெரிகிறது. 1741இல் பிறந்த அவரை 1754இல் தாம்சன் இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1765இல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்கரானார். 1766இல் கேப் கோஸ்ட்டுக்குத் திரும்பி, 1816இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகள் அதே கோட்டையில் இருந்தார். திரும்பி வந்தபோது தாய்மொழி அவருக்கு மறந்துபோயிருந்தது. அவர் வழிபாடு நடத்திய கோட்டையின் நிலவறைகளில் கடல்கடத்தக் காத்திருந்த மனிதர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர் பேச்சைக் கேட்டு மதம் மாறியவர்கள் மிகச் சிலரே. அந்தக் கடற்கரை மக்கள் எதை மறுத்தார்கள் என்பதை அந்தக் கோட்டையின் அமைப்பே சொல்லிவிடுகிறது. அவர்களைப் பொறுத்தவரை கிறிஸ்தவம் கோட்டைக்காரர்களின் சமயம்.

ஆக்ரோபொங் மலையும் ஜமைக்கா குடும்பங்களும்

அடுத்த கட்டம் டேனிஷ் கொடியின் கீழ் தொடங்கியது. தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு தொடர்பு உண்டு. அக்ராவில் இருந்த கிறிஸ்தியான்ஸ்போர்க் கோட்டையும் நம்முடைய தரங்கம்பாடியும் ஒரே டென்மார்க் அரசின் உடைமைகள். தரங்கம்பாடியை 1845இலும், கோல்டு கோஸ்ட்டில் இருந்த கோட்டைகளை 1850இலும் டேனியர் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கிறிஸ்தியான்ஸ்போர்க்கில் 1828இல் இறங்கியவர்கள், பின்னர் மலபாரிலும் நீலகிரிப் படகர்களிடையேயும் பணிசெய்த அதே பாசல் மிஷனைச் சேர்ந்தவர்கள்.

முதலில் வந்த நால்வரும் மூன்றாண்டுக்குள் காய்ச்சலில் இறந்தனர். 1832இல் வந்த மூவரில் ஆந்த்ரேயாஸ் ரீஸ் மட்டுமே பிழைத்தார். அவர் கடற்கரையைவிட்டு உள்நாட்டுக்குப் போய், 1835இல் அக்வாபெம் மலைத்தொடரில் உள்ள ஆக்ரோபொங் ஊரில் குடியேறினார். மன்னர் அடோ டான்குவா அவரை வரவேற்றார், வீடு கட்ட இடம் கொடுத்தார். ஆனால் ரீஸ் சொன்ன சமயத்தை எவரும் ஏற்கவில்லை. வெள்ளையரின் புத்தகம் கறுப்பருக்கும் உரியது என்று நம்ப வேண்டுமானால், அதைப் படிக்கத் தெரிந்த கறுப்பர்களைக் காட்டு என்று மன்னர் கேட்டதாக அந்த ஊர் மரபு சொல்கிறது.

அந்தக் கேள்வி பாசல் தலைமையகத்தின் திட்டத்தையே மாற்றியது. 1843இல் ஜமைக்காவிலும் ஆன்டிகுவாவிலும் இருந்து மொரேவியன் சபையைச் சேர்ந்த கறுப்பினக் குடும்பங்கள் அழைத்து வரப்பட்டன. அவர்கள் அடிமைகளாகக் கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்கள். இந்தக் குடும்பங்கள் ஆக்ரோபொங்கில் வேரூன்றிய பின்புதான் அங்கே ஒரு சபை உருவானது. அவர்களோடு வந்த ஆசிரியை கேத்தரின் மல்கிரேவ், அங்கோலாவில் பிறந்து சிறுமியாக அடிமை வணிகர்களிடம் சிக்கி, கப்பல் உடைந்து ஜமைக்காவில் காப்பாற்றப்பட்டவர். அவர் அக்ரா கடற்கரையில் பெண்குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார். பின்னர் அக்ராவின் கா மொழி அறிஞரான மிஷனரி யோஹான்னெஸ் ஸிம்மர்மன் மிஷன் விதிகளை மீறி அவரை மணந்தார். மிஷன் வரலாறு ரீஸை முன்னோடி என்கிறது. ஆனால் ஆக்ரோபொங்கில் கிறிஸ்தவத்தை நம்பத்தக்கதாக்கியவர்கள் அட்லான்டிக் கடலைத் திரும்பக் கடந்துவந்த இந்தக் குடும்பங்களே.

மதம் மாறியவர்களுக்குப் பழைய ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு அமைத்தார்கள். அதன் பெயர் சேலம். கல்வீடுகள், பள்ளி, கோயில், மாமர நிழல், மூப்பர்களின் கண்காணிப்பு என்று அந்தக் குடியிருப்புக்குத் தனி ஒழுங்கு இருந்தது. அங்கே வாழ்பவர் தரையில் மது வார்த்து முன்னோரை அழைக்கக் கூடாது. பலதார மணம் கூடாது. மரபுத் திருவிழாக்களின் பறைமேளத்துக்கு ஆடக் கூடாது. 1860களில் சபையார் தம் அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்ற கட்டளையும் வந்தது.

மிஷனரியின் சமயப் பார்வை மண்ணில் எழுந்து நின்ற வடிவம் இந்தச் சேலம் குடியிருப்பு. ஒரு மனிதர் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த மண்ணின் அகான் மக்களுக்கு இந்தக் கருத்தே புதியது. அவர்களுடைய ஊரில் தெய்வங்கள் கூடும், குறையும். பயன் தராத தெய்வத்தைக் கைவிடுவார்கள், பக்கத்து நாட்டிலிருந்து புதிய தெய்வத்தை வரவழைப்பார்கள். அகான் மக்களின் உள்நாட்டுப் பேரரசான அசாந்தேயின் அரண்மனையில் இஸ்லாமிய அறிஞர்கள் எழுதிக்கொடுத்த தாயத்துகளை மன்னர்களும் படைத்தலைவர்களும் அணிந்தார்கள். அதனால் அவர்கள் இஸ்லாமியராகிவிடவில்லை. சமயம் என்பது ஒன்றைச் சேர்ந்தால் மற்றொன்றைத் துறக்க வேண்டிய குழு என்ற எண்ணம் சேலத்தின் எல்லைக்கோட்டோடு வந்தது. இன்றைய கணக்கெடுப்புப் படிவத்தின் கட்டங்கள் அந்த எல்லைக்கோட்டின் நீட்சி.

நிதி கேட்ட கடிதமும் சொல் கேட்ட அகராதியும்

மிஷனரி எழுத்தைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது யாருக்காக எழுதப்பட்டது என்பது. மெதடிஸ்ட் மிஷனரி தாமஸ் பர்ச் ஃப்ரீமன் 1838இல் கேப் கோஸ்ட் வந்தார். ஆப்பிரிக்கத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர் அவர். 1839இல் அசாந்தே தலைநகர் குமாசிக்குச் சென்று மன்னர் முதலாம் குவாகு டுவாவைச் சந்தித்தார். மன்னரின் உறவினர் ஒருவரின் இறப்போடு சேர்த்து நரபலி நிகழ்ந்ததை அவருடைய பயணக் குறிப்புகள் விரிவாக எழுதின. இங்கிலாந்தில் அவை அச்சாகிப் பரவின, மிஷனுக்குப் பெரும் நிதியைத் திரட்டின. அவர் பார்த்தது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கொடை கொடுக்கும் வாசகர் எதைப் படித்தால் நெஞ்சம் கலங்குவாரோ அதுவே அச்சில் முன்னே வந்தது. சந்தை, நீதிமன்றம், பயிர், உறவு, குழந்தைக்குப் பெயரிடும் சடங்கு என்று அன்றாடம் நடந்த வாழ்க்கை அந்தப் பக்கங்களில் பின்னுக்குப் போனது.

அதே மிஷன்களின் மொழி ஆய்வுகளில் வேறு கானா தெரிகிறது. யோஹான் கொட்லீப் கிறிஸ்டாலர் 1853இல் பாசல் மிஷனரியாக வந்தார். டேவிட் அசாந்தே, தியோஃபிலஸ் ஒபோகு, ஜோனதன் பால்மர் பெகோயே போன்ற உள்ளூர்க் கிறிஸ்தவர்களோடு உட்கார்ந்து அகான் மக்களின் ட்வி மொழியைக் கற்றார். 1871இல் முழு வேதாகமமும் ட்வி மொழியில் வெளிவந்தது. 1875இல் இலக்கணம், 1879இல் 3,600 பழமொழிகளின் தொகுப்பு, 1881இல் பேரகராதி என்று அடுத்தடுத்து வந்தன. பழமொழி தொகுக்கிறவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்கிறவரால் எதிரில் இருப்பவரை வெறும் இருள் என்று எழுதிவிட முடியாது. அகான் மக்கள் கடவுள் என்ற பெயரை உச்சத்தில் இருக்கும் ஒருவனுக்கு மட்டுமே வழங்குகிறார்கள், ஆகவே அவர்களைப் பெருமளவு ஒரே கடவுளை நம்புவோராகவே கொள்ள வேண்டும் என்ற கருத்தைக் கிறிஸ்டாலர் தம் அகராதியிலேயே பதிந்தார். வேதாகமத்தின் தேவனுக்கு அவர் புதுப்பெயர் தேடவில்லை. ஒன்யாமே, ஒன்யாங்கோபொன் என்று அந்த மண் ஏற்கெனவே அழைத்த பெயர்களையே பயன்படுத்தினார்.

இந்தக் கருத்து எளிதில் ஏற்கப்படவில்லை. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஏ. பி. எல்லிஸ் 1887இல் வெளியிட்ட நூலில், ஒன்யாங்கோபொன் என்ற கடவுளே ஐரோப்பியரிடமிருந்து கடற்கரை மக்கள் கடன் வாங்கிய கடவுள் என்று எழுதினார். ஆப்பிரிக்கருக்கு உயர்ந்த கடவுட் கருத்து தாமாகத் தோன்றியிருக்காது என்ற முன்முடிவு அதில் இருந்தது. அதை மறுத்தவர் காலனிய அரசின் மானிடவியலாளரான ஆர். எஸ். ராட்ரே. 1923இல் வந்த அவரது நூல், கடற்கரையின் தாக்கம் எட்டாத உள்நாட்டு அசாந்தே வீட்டு முற்றங்களில் கவைக்கிளை நட்டு, அதன்மேல் கலயம் வைத்துக் கடவுளுக்குப் படைக்கும் ‘ஒன்யாமே மரம்’ இருப்பதைக் காட்டியது. முதிய ஆண்களிடமும் பெண்களிடமும் அவர் கேட்டறிந்த செய்திகள் எல்லிஸின் வாதத்தை உடைத்தன.

தமிழகத்திலும் இதற்கு ஓர் இணை உண்டு. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713இல் தரங்கம்பாடியில் எழுதி முடித்த நூலை அவருடைய மேலிடம் அச்சிட முன்வரவில்லை. அது சென்னையில் அச்சேற 1867வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிறிஸ்டாலருக்கு அந்தக் கதி நேரவில்லை. அவருடைய அகராதி அவர் வாழ்நாளிலேயே வெளிவந்தது. அவரோடு உழைத்த ஆப்பிரிக்கர்கள்தான் முகப்பில் இடம்பெறாமல் போனார்கள். அந்தக் குறையைக் கார்ல் கிறிஸ்டியன் ரைண்டார்ஃப் ஓரளவு நிறைவு செய்தார். பாசல் மிஷனின் உள்ளூர்ப் போதகரான அவர், இருநூறுக்கும் மேற்பட்ட ஆண்களிடமும் பெண்களிடமும் வாய்மொழி வரலாறு கேட்டு, 1895இல் கோல்டு கோஸ்ட், அசாந்தே வரலாற்றை வெளியிட்டார். மிஷன் பள்ளியில் படித்தவர் மிஷனின் பார்வைக்கு வெளியே நின்று தம் மக்களின் வரலாற்றை எழுதிய தொடக்கம் அது.

பேயாக்கப்பட்ட தெய்வங்கள்

வோல்டா ஆற்றுக்குக் கிழக்கே ஈவே மக்களிடையே 1847இல் ஜெர்மனியின் பிரேமன் மிஷன் பணி தொடங்கியது. அந்த மிஷனைச் சேர்ந்த யாக்கோப் ஸ்பீட் 1906இலும் 1911இலும் வெளியிட்ட இரு பெருநூல்கள் ஈவே சமயத்தைப் பற்றி இன்றும் தவிர்க்க முடியாத சான்றுகள். ஒவ்வொரு தெய்வத்தின் கதை, கோயில், விலக்கு, பூசாரி என்று அவர் ஆவணப்படுத்தியது வியக்க வைக்கும். ஆனால் அந்தத் தெய்வங்கள் அனைத்தையும் சாத்தானின் ஊழியர் என்றே அவருடைய மிஷன் போதித்தது.

இந்த முரணின் விளைவை நெதர்லாந்தில் பணிபுரியும் மானிடவியலாளர் பிர்கிட் மெயர் 1999இல் வந்த தம் நூலில் ஆராய்ந்தார். அவர் காட்டியது இது: மிஷனரிகள் பழைய தெய்வங்களை இல்லை என்று மறுக்கவில்லை, பேய்கள் என்றார்கள். இல்லாத ஒன்றை மறந்துவிடலாம். பேயை மறக்க முடியாது, அதோடு நாள்தோறும் போராட வேண்டும். ஆகவே பழைய தெய்வங்கள் கிறிஸ்தவத்துக்குள்ளேயே, சாத்தானின் படையாக, உயிரோடு தொடர்ந்தன. மிஷன் சபைகள் இந்தப் போராட்டத்துக்குப் போதிய வழிகாட்டவில்லை. நோய்க்கு மருந்தும் பள்ளிக்குப் பாடமும் அவற்றிடம் இருந்தன. சூனியத்துக்கும் ஆவி பிடித்தலுக்கும் விடை இல்லை. அந்த விடையோடு வந்தவை பெந்தெகொஸ்தே சபைகள். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் 31.6 விழுக்காட்டினர் பெந்தெகொஸ்தே, கரிஸ்மாட்டிக் சபையார். அந்தப் பெருக்கத்தின் ஒரு வேர் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய பக்தி இயக்கத்தின் பிரசங்கத்தில் இருக்கிறது. தாங்கள் விதைத்த இந்த விளைச்சலை அந்த மிஷனரிகள் அடையாளம் கண்டிருக்கவே மாட்டார்கள்.

கைத்தடிச் சிலுவையும் ஜிராபா மழையும்

ஐரோப்பிய மிஷன்களின் துணையின்றியே பெரும் கூட்டத்தைக் குறுகிய காலத்தில் திரட்டியவர் ஓர் ஆப்பிரிக்கர். லைபீரியாவின் கிரேபோ இனத்தைச் சேர்ந்த வில்லியம் வாடே ஹாரிஸ், வெள்ளை அங்கியும் மூங்கில் சிலுவையும் வேதாகமமும் சுரைக்குடுவையுமாக 1913இல் புறப்பட்டார். ஐவரி கோஸ்ட் வழியே 1914இல் கோல்டு கோஸ்ட்டின் மேற்குக் கரைக்கு வந்தார். பழைய வழிபாட்டுப் பொருள்களை எரிக்கச் சொன்னார், அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்தார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவான மதிப்பீடு. பலதார மணத்தை அவர் தடையாகக் கொள்ளவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத சாம்ப்சன் ஒப்போங் 1920களின் தொடக்கத்தில் அசாந்தே நாட்டில் ஊர் ஊராகப் பிரசங்கித்தார். அவரால் மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தவர்கள் சுமார் 20 ஆயிரம் பேர்.

மிஷன்கள் இவர்களை எப்படிப் பார்த்தன என்பதைக் கவனிக்க வேண்டும். மக்கள் வந்து சேர்ந்ததில் மகிழ்ச்சி, வழிநடத்தியவர் மேல் ஐயம். ஹாரிஸ் அனுப்பிய கூட்டத்தை ஏற்றுக்கொண்ட சபைகள் அவர் முறையைத் திருத்த முயன்றன. அதை விரும்பாதவர்கள் பன்னிரு அப்போஸ்தலர் சபை என்ற தனிச்சபையைக் கட்டினார்கள். அதன் தொடக்கத்தில் கிரேஸ் தானி என்ற பெண் முன்னின்றார்.

வடக்கே கத்தோலிக்க வெண்ணங்கிக் குருக்கள் 1906இல் நவ்ரொங்கோவிலும் 1929இல் ஜிராபாவிலும் நிலையம் அமைத்தார்கள். 1932இல் கடும் வறட்சி வந்தது. அங்கே வாழும் டகாபா மக்கள் கனடா நாட்டுக் குருவான ரெமீஜியஸ் மெக்காயிடம் மழைக்காக வேண்டச் சொன்னார்கள். வேண்டியவர்களின் ஊர்களில் மழை பெய்தது என்ற செய்தி பரவியதும், மக்கள் ஆயிரக்கணக்கில் ஜிராபாவுக்கு நடந்து வந்தார்கள். குருக்கள் இதை இறையருளின் அடையாளமாகப் பார்த்தார்கள். டகாபா மக்களின் பார்வை வேறு. மழை தராத தெய்வத்தைக் கேள்வி கேட்பதும், தரும் தெய்வத்தை நாடுவதும் அவர்களுடைய நெடுங்கால மரபு. மரபுச் சமயத்தின் அளவுகோலால் அளந்துதான் அவர்கள் கிறிஸ்தவத்தைத் தேர்ந்தார்கள். அந்த முதல் தலைமுறையில் சேர்ந்த பீட்டர் பொரேகு டெரி பின்னர் டமாலே பேராயராகி 2006இல் கர்தினால் ஆனார்.

இஸ்லாமைப் பற்றிய அச்சம்

1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் ஆப்பிரிக்காவைப் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் ஒரு போட்டியின் மொழியில் பேசினார்கள். வடக்கிலிருந்து இஸ்லாம் தெற்கே பரவுகிறது, அதற்கு முன் மரபுச் சமயத்தாரை நாம் அடைந்துவிட வேண்டும் என்பதே அந்த அச்சம். அந்த மாநாட்டில் திருநெல்வேலிச் சீமையின் வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து, மிஷனரிகள் தம்மோடு உழைக்கும் உள்நாட்டவரை நண்பராக நடத்த வேண்டும் என்று உலகத்தார் முன் கேட்டார். ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து வந்திருந்த ஒரே கறுப்பினக் கிறிஸ்தவர் கோல்டு கோஸ்ட்டைச் சேர்ந்த மார்க் ஹேஃபோர்ட். அதிகாரபூர்வப் பிரதிநிதிகள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஒரு கண்டத்தின் சமய எதிர்காலம் அந்தக் கண்டத்தாரின் குரல் இன்றியே அங்கே விவாதிக்கப்பட்டது.

கானாவின் வடக்கே இஸ்லாம் பல நூற்றாண்டுகள் பழமையானது. வங்காரா, ஹவுசா வணிகர்களோடு வந்தது. டக்பொன், கொன்ஜா அரசுகளில் அரண்மனையோடு இணைந்து நின்றது. படையெடுப்பின் அலையாக மட்டும் அதைச் சித்திரித்த மிஷன் எழுத்து இந்த அமைதியான நெடுவரலாற்றைக் காணவில்லை. வடக்கில் இஸ்லாம், தெற்கில் கிறிஸ்தவம் என்ற அந்த எளிய வரைபடத்தைத் தெற்கே ஃபான்டே மக்களின் கடற்கரையே பொய்யாக்குகிறது. அங்கே மெதடிஸ்ட் உபதேசியாராக இருந்த பெஞ்சமின் சாம் 1880களில் இஸ்லாமைத் தழுவினார். அவரைப் பின்பற்றிய ஃபான்டே இஸ்லாமியர் வழிகாட்டிகளைத் தேடி இந்தியாவின் காதியானில் இருந்த அஹ்மதியா இயக்கத்துக்கு எழுதினார்கள். 1921இல் அப்துல் ரஹீம் நய்யர் என்ற அஹ்மதியா மிஷனரி சால்ட்பாண்டில் வந்து இறங்கினார். கோல்டு கோஸ்ட்டுக்கு வந்த மிஷனரிகள் எல்லாரும் ஐரோப்பியரும் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர்.

வரைபடத்தின் காலம்

முதல் உலகப் போரின்போது, 1917இல், பாசல் மிஷனரிகளை ஆங்கிலேய அரசு வெளியேற்றியது. ஸ்காட்லாந்து மிஷன் பொறுப்பேற்றாலும், பொறுப்பின் பெரும்பகுதி உள்ளூர்ப் போதகர்களின் கைக்கு வந்தது. 1918இல் சபைப் பேரவையின் முதல் தலைவரானவர் பீட்டர் ஹால். 1843இல் வந்த ஜமைக்கா தம்பதியரின் மகன். ஐரோப்பியர் விலகிய பின் சபை சுருங்கவில்லை, வளர்ந்தது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மிஷன் பார்வையின் மொழி மாறியது. இருள் என்ற சொல் மெல்ல மறைந்து எண்ணிக்கை வந்தது. 1974இல் லோசானில் கூடிய உலக நற்செய்திப்பணி மாநாட்டில் நற்செய்தி எட்டாத இனக்குழுக்களைத் தேடும் அணுகுமுறையை ரால்ஃப் வின்டர் முன்வைத்தார். பின்னர் வட அட்சரேகை 10க்கும் 40க்கும் இடைப்பட்ட நிலப்பரப்பையே முதன்மைக் களமாகக் குறித்தார்கள். கானாவில் 10ஆம் அட்சரேகைக்கு மேல் வருவது வடகோடி மட்டுமே. தெற்கு முடிந்தது, வடக்கு மீதம் என்ற பார்வை வலுப்பட்டது.

இந்தப் பார்வையைக் கைக்கொண்டவர்கள் இப்போது கானாவின் சபைகளே. ஊர் ஊராகச் சபைகளை எண்ணுவதும், வடக்கு இனக்குழுக்களுக்கு ஊழியர் அனுப்புவதும், ஐரோப்பிய நகரங்களில் கிளைச்சபை தொடங்குவதும் அக்ராவில் திட்டமிடப்படுகின்றன. 1937இல் வந்த வட அயர்லாந்து மிஷனரி ஜேம்ஸ் மெக்கியோனின் பணியிலிருந்து வளர்ந்த பெந்தெகொஸ்தே சபை, இன்று உலகின் பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கிறது. ஒரு காலத்தில் மிஷன் களமாக இருந்த நாடு மிஷனரிகளை அனுப்பும் நாடாகிவிட்டது.

இதில் பெருமைக்கு இடமுண்டு; கவலைக்கும் இடமுண்டு. அக்ராவின் பழங்குடியான கா மக்கள், ஹொமோவோ திருவிழாவுக்கு முன் ஏறத்தாழ ஒரு மாதம் நகரில் மேளச்சத்தம் கூடாது என்று விலக்குக் காப்பவர்கள். 1998இல் தொடங்கிச் சில ஆண்டுகள், விலக்குக் காலத்தில் மேளத்தோடு வழிபட்ட சபைகளுக்கும் விலக்கைக் காக்க வந்த இளைஞர்களுக்கும் மோதல்கள் நடந்தன, கருவிகள் பறிக்கப்பட்டன, மக்கள் காயமடைந்தனர். வழிபாட்டு உரிமை ஒருபக்கம், மண்ணின் மரபுக்குரிய மரியாதை மறுபக்கம். அந்த மரபைப் பேய்வழிபாடு என்று மேடையில் அறிவித்தவர்களில் பலர் அதே மரபில் பிறந்த ஆப்பிரிக்கர்கள். கோட்டைக்குள் பேசிய தாம்சனின் சொற்களைவிட இவர்களின் சொல் கூர்மையாகப் பாய்கிறது, ஏனெனில் இவர்கள் வெளியார் அல்லர்.

உள்ளிருந்து எழுந்த மறுமொழி

கானாவின் சிந்தனையாளர்கள் இந்தப் பார்வைக்கு நெடுங்காலமாகவே பதில் சொல்லி வருகிறார்கள். வழக்கறிஞரும் அரசியல் தலைவருமான ஜே. பி. டான்குவா 1944இல் அகான் கடவுட்கொள்கையைத் தனித் தத்துவமாக முன்வைத்தார். அதில் கடவுள், மக்களின் மாபெரும் மூதாதை. சமூகவியலாளராக இருந்து பின்னர் பிரதமரான கோஃபி புசியா, தாம் மெதடிஸ்டாக இருந்தும், அசாந்தே சமயத்தை அந்தச் சமூகத்தின் முழு வாழ்வோடும் சேர்த்து விளக்கினார். மெய்யியலாளர் குவாசி விரெடு வேறு எச்சரிக்கை விடுத்தார்: அகான் கடவுளைக் கிறிஸ்தவக் கடவுளின் சாயலில் விளக்குவதும் ஒருவகைக் காலனியம்தான், இன்மையிலிருந்து உலகைப் படைத்த கடவுள் என்ற கருத்து அகான் சிந்தனைக்கு உரியதன்று. கிறிஸ்டாலரின் பரிவுகூடத் தன் சாயலைத் திணித்திருக்கலாம் என்பது இதன் பொருள்.

பிரெஸ்பிட்டேரியன் இறையியலாளர் குவாமே பெடியாகோ மறுபக்கத்திலிருந்து வந்தார். பிரான்சில் படித்தபோது நாத்திகராக இருந்து கிறிஸ்தவரானவர் அவர். ஆப்பிரிக்கர் தம் பழைய சமய நினைவைத் துறந்தால்தான் கிறிஸ்தவராக முடியும் என்பது தவறு, அந்த நினைவே அவர்கள் நம்பிக்கைக்கு மண் என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டார். எழுத்தறிவில்லாத மருத்துவச்சி அஃபுவா குமா, அகான் மன்னர்களைப் புகழும் மரபுமொழியில் இயேசுவைப் போற்றிய வேண்டல்களை ஆப்பிரிக்க இறையியலின் உயர்ந்த சான்றாக அவர் கொண்டாடினார். 1987இல் ஆக்ரோபொங்கில் அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனத்துக்கு அக்ரோஃபி-கிறிஸ்டாலர் என்று பெயர். ட்வி இலக்கண அறிஞர் கிளெமென்ட் அக்ரோஃபியின் பெயரும் மிஷனரி கிறிஸ்டாலரின் பெயரும் அதில் இணைந்து நிற்கின்றன.

மிஷனரி ஆவணங்களை ஒதுக்கிவிட்டு கானாவின் சமய வரலாற்றை எழுத முடியாது. அவற்றை அப்படியே நம்பியும் எழுத முடியாது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: யாருக்காக எழுதியது, யார் சொல்லி எழுதியது, எந்த அன்றாட வாழ்க்கையை விட்டுவிட்டது. கேட்டால், இருள் என்று எழுதியவர் பல வேளைகளில் கேட்டறிய முயலாதவர் என்பதும், கேட்டறிந்தவர்கள் தாமே மாறிப்போனார்கள் என்பதும் தெரியவரும். கானாவைக் கிறிஸ்தவ நாடாக்கியதில் ஐரோப்பிய மிஷனரிகளின் பங்கு சிறியது. ஜமைக்காக் குடும்பங்களும் உபதேசியார்களும் தீர்க்கதரிசிகளும் மழை வேண்டிய உழவர்களும் அதில் பெரும்பங்கு வகித்தார்கள்.

இன்று தம்மை மரபுச் சமயத்தார் என்று பதிபவர்கள் 3.2 விழுக்காடு மட்டுமே என்றாலும், பெயரிடும் நாளிலும் இறுதிச் சடங்கிலும் அரசர் முடிசூடும் விழாவிலும் அந்த மரபு மற்ற பலரின் வாழ்விலும் நிற்கிறது. பெரும்பான்மையாகிவிட்ட கானா சபைகளின் நேர்மைக்கு வந்துள்ள சோதனை இதுதான். தம் முன்னோரை வெளியார் ஒருகாலத்தில் எப்படிப் பார்த்தார்களோ, அந்தக் கண்ணால் தம் அண்டை வீட்டாரைப் பார்ப்பதை அவர்கள் கைவிட வேண்டும்.